தெரியாமல் கொடுத்த மாத்திரை

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் குடி மறுவாழ்வு இல்லத்தில் வெள்ளத்தாய்க்கு வீடு வீடாகப் போகிற வேலை. முப்பது நாள் சிகிச்சை முடிந்து போனவர்களை வாரம் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். ராஜபாளையம், சேத்தூர், சோழபுரம் என்று பஸ் ஏறி இறங்குவாள். சாப்பிட்டானா, தூங்கினானா, வேலைக்குப் போகிறானா என்று கேட்பாள். கேட்கிற சாக்கில் வாசமும் பிடித்துவிடுவாள்.

அவள் புருஷன் வைகுண்டராஜும் குடித்துச் சீரழிந்தவன்தான். சேத்தூர்க்காரன், மில்லில் ஃபிட்டர். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் நெஞ்சடைத்துச் செத்தான். அந்தக் கதையைச் சொல்லித்தான் வெள்ளத்தாய் இந்த வேலையில் சேர்ந்தாள். மகளையும் அதையே சொல்லி வளர்த்தாள். மகள் இப்போது மதுரையில் நர்ஸிங் மூன்றாம் வருஷம்.

ஒரு சங்கதியை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குப் புளிக்குழம்பில் அவள் மாத்திரை பொடித்துப் போட்டிருந்தாள். ‘கணவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, போன் போட்டு வாங்கியது. சாப்பிட்ட கையோடு போய்க் குடித்துவிட்டு வந்தவன், முகம் ரத்தமாகச் சிவந்து, வாந்தி எடுத்து, ஆட்டோவிலேயே அடங்கிப்போனான். அது என்ன மாத்திரை என்பது இல்லத்தில் சேர்ந்த பிறகுதான் அவளுக்கே விளங்கியது. போட்டுக்கொள்கிறவன் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் பார்வையில் இருக்க வேண்டும். அதன் மேல் குடித்தால் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. இதையெல்லாம் டாக்டர் சொல்லச் சொல்ல, நோட்டில் எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

சென்ற தை மாதம் சோழபுரத்தில் இருளப்பசாமி வீட்டுக்குப் போனாள். லோடுமேன். இல்லத்திலிருந்து வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மழுமழுவென்று சவரம் செய்து உட்கார்ந்திருந்தான்.

“வாங்கக்கா. நான் ஊதிக் காட்டணுமா, நீங்களே மோந்து பாத்துக்கிடுதீகளா?”

“மூஞ்சியப் பாத்தாலே தெரியுது தம்பி. புது மாப்பிள்ள கணக்கால்ல இருக்க.”

“அந்த மூஞ்சி பட்ட பாட்டக் கேளுங்க. சலூன்காரப் பய லோஷனத் தடவுனான், தீயாட்டம் எரிஞ்சிருச்சு. நெஞ்சு வேற செத்த நேரம் படபடன்னு அடிச்சுது. குடிய விட்டவனுக்கு லோஷன்கூட ஆகாது போல.”

அவன் சிரித்தான். வெள்ளத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. லோஷனில் ஸ்பிரிட் உண்டு. மாத்திரை போடுகிறவர்கள் அதைத் தொடக்கூடாது என்று இல்லத்தில் படித்துப் படித்துச் சொல்வார்கள். ஆனால் இவன் மாத்திரையே வேண்டாம் என்றவன். “மாத்திரயால விட்டான்னு எவனும் சொல்லப்பிடாது. இருளப்பன் தானா விட்டான்னு சொல்லணும்” என்று டாக்டரிடமே வீம்பு பிடித்தவன்.

வெள்ளத்தாய் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவன் மனைவி கருத்தம்மாள் அங்கே அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“ஏட்டி, குழம்புல என்ன போடுத?”

கருத்தம்மாள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கடுகு டப்பாவுக்குள்ளிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். “வந்த நாள்லருந்து போடுதேங்க்கா. அதனாலதான இம்புட்டு நல்லா இருக்காக. நாளைக்குச் சேத்தூர்ல அவிய தங்கச்சி மவளுக்குக் காதுகுத்து. மச்சான்மாரு எல்லாம் பாட்டிலோட வருவாங்க. அதான் இன்னைக்கும் போட்டேன்.”

“இதுக்கு மேல குடிச்சா செத்துருவாரு, கிறுக்கி.”

“பயங்காட்டாதீக. எங்க தெருவுலயே மூணு பேரு போடுதாளுக. எவன் செத்தான்?”

அட்டையைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் இன்றைக்கே நிறுத்தினாலும் மருந்து ரெண்டு வாரம் உடம்பில் கிடக்கும். காதுகுத்து நாளைக்கு.

“எம் புருசன் செத்தாரு” என்றாள் வெள்ளத்தாய். “நாந்தான் போட்டேன்.”

கருத்தம்மாள் அட்டையைக் கீழே வைத்தாள். “நெஞ்சுவலின்னு சொன்னீகளேக்கா.”

“சொன்னேன்.”

கருத்தம்மாள் அவள் கையைப் பிடித்தாள். “இனிமே போடல. அவியகிட்ட மட்டும் சொல்லிராதீக. என்னய வெட்டிப் போட்டுருவாக.”

“அவருக்குத் தெரிஞ்சாத்தான் நாளைக்குக் கிளாஸத் தொட மாட்டாரு.”

வெளியே வந்து சொன்னாள். இருளப்பசாமி முதலில் நம்பவில்லை, விளையாடுகிறாள் என்று நினைத்தான். அதனால் தன் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. முழுக்கக் கேட்டான். வெட்டவில்லை, கையைக்கூட ஓங்கவில்லை.

“அப்ப ஒம்பது நாளும் நானா விடலையா?”

“நீதான் விட்டிருக்க தம்பி. மாத்திர ஆசையவா நிப்பாட்டும்? குடிச்சாக் கொல்லும், அம்புட்டுதான்.”

அவன் காதில் அது ஏறவில்லை. குழாயடிக்குப் போய்த் திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்தான். சட்டையை மாட்டினான். நிலையில் நின்ற கருத்தம்மாளைப் பார்த்து, “இனி ஒங்கையால பச்சத்தண்ணி வாங்கிக் குடிச்சா என்னன்னு கேளு” என்றான். சேத்தூருக்குத் தங்கை வீட்டுக்குப் போனவன்தான், இன்றுவரை சோழபுரம் திரும்பவில்லை.

காதுகுத்தில் அவன் குடிக்கவில்லை. குடிக்கச் சொன்ன மச்சான்மாரிடம் ஏன் குடிக்கவில்லை என்று சொன்னான். எந்த மாத்திரை, யார் சொன்னது, யார் புருஷன் செத்தது என்று எல்லாம் சொன்னான். பந்தியில் வைகுண்டராஜின் தம்பியும் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை, கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று இல்லத்திலிருந்து வெள்ளத்தாய்க்குச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

“ம்மா, சித்தப்பா என்னமோ சொல்லுதாக. பொய்தான?”

இரண்டு தடவை கேட்டாள்.

“நெசந்தாம்மா.”

மகள் அழுவாள் என்று வெள்ளத்தாய் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். மகள் அழவில்லை. வார்டில் நோயாளியின் வீட்டாரிடம் கேட்கிற குரலில், “எத்தன மாத்திர போட்ட?” என்றாள்.

“மொத நாளு ஒண்ணு. லேசாத் தலசுத்துதுன்னாரு, குடிய நிப்பாட்டல.” வெள்ளத்தாய் போனை மறு காதுக்கு மாற்றினாள். “மறுநா ரெண்டு.”

அந்தப் பக்கம் ஹாஸ்டல் பெண்கள் யாரோ பேசிச் சிரித்துப் போகிற சத்தம் கேட்டது.