ஜெயசுதா மாட்டிய நாலு சென்சார்

ஜெயசுதாவுக்கு வாய் ஜாஸ்தி. இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், அதனால் எழுதுவதில் தப்பில்லை. ஜமுனாமரத்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவளுடைய டயர் கடை. எதிரே என்னுடைய தையல் கடை. ஆறு வருஷமாக அவள் குரலைக் கேட்டுக்கொண்டுதான் ரவிக்கைகளுக்குக் கொக்கி வைக்கிறேன்.

மலைக்குக் கீழே, திருப்பத்தூரில் ஒரு பெரிய டயர் கடைக்கு பில் போடத்தான் போனாள். ஒரே மாதத்தில் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து, சக்கரம் கழற்றும் பக்கம் போய்விட்டாள். "உக்காந்து உக்காந்து இடுப்பு வலிச்சுதுக்கா, அதான்" என்பாள். நான் நம்பவில்லை. கை நிறைய கிரீஸோடு இருக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். பிறகு மலைக்கே திரும்பி வந்து சொந்தமாகக் கடை போட்டாள். சாமை விதைக்கிற வீட்டுப் பெண் டயர் மாட்டுவதை முதல் வாரம் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. இரண்டாம் வாரம் அதே ஊர் பஞ்சர் ஒட்ட வந்தது.

அவளுக்குத் தீராத சண்டை ஒன்று உண்டு. சில கார்களில் டயரில் காற்று குறைந்தால் டிரைவருக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் இருக்கிற சென்சார்தான் அந்தச் சேதியை அனுப்புகிறது. வண்டி பழசானால் சென்சாரின் பேட்டரி செத்துப்போகும். விளக்கு ஓயாமல் எரியும். எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு மலை இறங்குவார்கள். ஜெயசுதாவுக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

காவலூர் வெற்றிவேல் ஒரு படி மேலே போயிருந்தான். அவனுடைய பன்னிரண்டு வருஷத்து வண்டியில் அந்த விளக்கை மறைத்து ஒட்டியிருந்தது அவன் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு. மனைவி பிரியதர்ஷினிக்கு எட்டு மாதம். வளைகாப்பு முடிந்து, திங்கட்கிழமை அவளைத் திருப்பத்தூரில் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். பொட்டைப் பிய்த்துப் பார்த்தவள், அந்த விளக்கு முறையாக அணையாமல் இந்த வண்டியில் மலை இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அதனால்தான் சனிக்கிழமை அவன் எங்கள் தெருவுக்கு வந்தான்.

"கீழ ஒருத்தர்கிட்ட காட்டினேன்க்கா. பல்பப் புடுங்கிடு, நிம்மதியா இருக்கலாம்னாரு" என்றான்.

"நிம்மதி யாருக்கு? ஒனக்கா, வூட்ல கீற புள்ளத்தாச்சிக்கா?"

"இந்த வௌக்கெல்லாம் சும்மா பொய் சொல்லும்க்கா. எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க."

அங்கே ஏழெட்டு டிரைவர்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் டேப் ஒட்டியவர்கள்தான். ஜெயசுதா இடுப்பில் கை வைத்தாள். அவள் இடுப்பில் கை வைத்தால் நான் தையல் இயந்திரத்தை நிறுத்திவிடுவேன்.

"நான் மாட்டுன வண்டியில வௌக்கு பொய் சொன்னா, கடைய மூடிட்டுப் போய்ட்றேன். இவங்கல்லாம் சாட்சி" என்றாள்.

வாய் ஜாஸ்தி என்று சும்மாவா சொன்னேன்?

ஆனால் வேலை வேலைதான். சக்கரங்களைக் கழற்றி, டயரின் விளிம்பை மெல்ல அமுக்கி விலக்கி, செத்துப்போன சென்சார்களை எடுத்தாள். புதியதைப் புது ரப்பர் வாஷரோடு மாட்டினாள். நட்டை முறுக்க அளவு காட்டும் ஸ்பேனர் வைத்திருக்கிறாள். கைப்பலத்தால் முறுக்கினால் உடைந்துவிடுமாம். காற்று அடித்து, சோப்புத் தண்ணீர் விட்டு, ஒரு குமிழிகூட வரவில்லை என்று பார்த்த பிறகுதான் சக்கரங்களை வண்டியில் ஏற்றினாள். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி எண் உண்டு. எந்த எண் எந்தச் சக்கரத்தில் இருக்கிறது என்று வண்டிக்குச் சொல்லித்தர வேண்டும். செல்போன் மாதிரி ஒரு கருவியைச் சக்கரம் சக்கரமாகக் காட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தாள். விளக்கு அணைந்தது. டிரைவருக்கு முன்னால் இருக்கிற திரையில் நாலு சக்கரத்துக்கும் காற்றின் அளவு முப்பத்துமூன்று என்று வந்தது. டிரைவர்கள் கை தட்டினார்கள். அவளைவிட எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

வெற்றிவேல் டீ குடிக்கப் போனான். அந்த நேரத்தில்தான் அவள் அதைச் செய்தாள். மலை வளைவுகளில் திரும்பித் திரும்பி முன் டயர்களின் வெளி ஓரம் சீக்கிரம் தேயும். அதனால் கைக்கு வந்த வண்டியில் முன் சக்கரங்களைப் பின்னாலும், பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டு அனுப்புவது எங்கள் மலைக் கடைகளில் வழக்கம். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் சொல்லவும் மாட்டார்கள். ஜெயசுதாவின் கை தானாக ஜாக்கியை எடுத்தது, மாற்றிப் போட்டது. கை தட்டல் இன்னும் காதில் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு வேறொரு வண்டியின் முன் சக்கரத்தைப் பின்பக்கம் உருட்டிக்கொண்டு போனவள், நடுவில் நின்றுவிட்டாள்.

"அக்கா, நம்பரச் சொல்லிக் குடுத்துட்டு அப்பறமா சக்கரத்த மாத்திட்டேன்."

"அதனால இன்னா?"

"பின்னாடி காத்து எறங்கினா முன்னாடின்னு காட்டும்க்கா!"

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ராகு காலம் ஒன்பதுக்கு முடியும், முடிந்ததும் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். "காத்து எறங்கினாத்தானே வம்பு? எறங்காது, சும்மா இரு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். என் புத்தி அவ்வளவுதான். அவள் பைக்கை உதைத்து, "பைய மடியில வெச்சிக்கினு ஏறுக்கா" என்றாள். ஐம்பது வயதில் கருவிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காவலூர் வரைக்கும் நான் கும்பிடாத சாமி இல்லை.

காவலூரில் வீடு பூட்டியிருந்தது. இறக்கத்தில் மூன்றாவது வளைவில் வண்டி ஓரமாக நின்றது. பிரியதர்ஷினி ஒரு பாறை மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெற்றிவேல் சட்டையெல்லாம் நனைய, முன் இடது டயருக்கு மிதி பம்ப்பில் காற்று அடித்துக்கொண்டிருந்தான். பம்ப்பில் காற்றின் அளவு காட்டும் முள் எப்போதோ உடைந்தது. அவன் திரையை நம்பி அடித்தான். திரையோ அந்த டயருக்குப் பத்தொன்பதை விட்டு நகரவே இல்லை.

"நூறு மிதி மிதிச்சிட்டேன்!" என்று கத்தினான். "இது பொய்தானே? கடைய எப்ப மூடப் போறீங்க?"

ஜெயசுதா காற்று மீட்டரை எடுத்து முன் இடது டயரில் வைத்தாள். ஐம்பத்திரண்டு. "தம்பி, இன்னும் மிதிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தவள் பிரியதர்ஷினியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அதிகக் காற்றை வெளியே விட்டாள். பின் இடது டயருக்குப் போனாள். பத்தொன்பது. விரல் நீளத்துக்கு ஒரு ஆணி ஏறியிருந்தது.

சென்சார் மட்டம், கம்பெனி சரியில்லை என்று அவள் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் யாருக்கும் மறுத்துப் பேசத் தெரிந்திருக்காது. நானும் தலையாட்டியிருப்பேன். அவள் எழுந்து, வெற்றிவேலிடம் அல்ல, பாறையில் இருந்தவளிடம் போய் நின்றாள்.

"வௌக்கு பொய் சொல்லலம்மா. காத்து எறங்குனது நெஜம். எந்த டயர்னு வண்டிக்குத் தப்பா சொல்லிக் குடுத்தது நான். சக்கரத்த மாத்திட்டு மறுபடியும் சொல்லிக் குடுக்க மறந்துட்டேன். தப்பு என்னுது."

வெற்றிவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை. "கடைய மூடணும்னா நாளைக்கே மூடிட்றேன் தம்பி. சொன்ன சொல்லு சொன்னதுதான். இப்ப நவுரு, வேலைய முடிச்சிட்றேன்."

ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் பஞ்சர் குச்சியைச் செருகி, காற்று நிரப்பி, கருவியோடு மறுபடி வண்டியைச் சுற்றி வந்தாள். கடைசியில் அவளாகவே பின் இடது டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, "எது கொறையுது பாரும்மா" என்றாள். பிரியதர்ஷினி எட்டித் திரையைப் பார்த்து, "பின் லெஃப்ட்டு" என்றாள். முன் இடது, பின் வலது, முன் வலது என்று ஒவ்வொன்றாக அவளையே சொல்ல வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் நிரப்பினாள்.

கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு ஜெயசுதா பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

பிரியதர்ஷினி பாறையிலிருந்து மெல்ல எழுந்தாள்.

"கடைய மூடிட்டா எப்டிக்கா? கொழந்த பொறந்து அஞ்சாம் மாசம் அதத் தூக்கிக்கினு இதே வண்டியில மேல வரணும். அதுக்கு முன்னாடி டயர யாரு பாத்துச் சொல்றது?"

அவள் வண்டியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இழுத்து மாட்டிக்கொண்டு, "ஓட்டுங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.