நண்டுக்கு எட்டுக் கால்

அப்பாவுக்கு இராயபுரத்தில் தேயிலை மொத்த வியாபாரம். தூத்துக்குடியிலிருந்து வந்து கடை போட்டவர். தேயிலை வருகிற மரப்பெட்டிக்குள் வெள்ளி மாதிரி மினுங்கும் தகட்டுத்தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்தெடுத்து, தாளில் ஒட்டி நான் கடல் செய்வேன். துணி மூட்டைகளில் ஒட்டி வரும் வண்ணப்படங்களைக் கிழித்து அலை செய்வேன். இப்படி ஒட்டிய தாளின் மேல் கறுப்பு மையில் ஒரு முழு நண்டை அச்சடித்துவிட வேண்டும். இருபத்தோரு வயதில் எனக்கு இருந்த ஒரே லட்சியம் இதுதான்.

உடைத்த கப்பல்களின் அறைகளில் தரைக்கு விரித்திருந்த லினோலியம், துறைமுகத்துப் பக்கம் பழைய சாமான் கடையில் துண்டு துண்டாகக் கிடைக்கும். அதைத் தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகையில் ஒட்டினால் அச்சுக்கட்டை. கொஞ்ச நேரம் வெயிலில் காட்டினால் நன்றாக வெட்டுப்படும். குடைக்கம்பியை ஒடித்து நுனியைக் கல்லில் தீட்டினால் உளி தயார். அப்பாவின் இரண்டு குடைகள் அப்படித்தான் போயின. மழை வரும்வரை அவருக்கு விஷயம் தெரியாது.

செதுக்குவது சுலபம், அச்சு எடுப்பதுதான் தொல்லை. கட்டையில் மை தடவி, மேலே தாளைக் கவிழ்த்து, தாளின் முதுகைக் கரண்டியால் தேய்க்க வேண்டும். என் தாளோ ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு மேடும் பள்ளமுமாக இருக்கும். மேட்டில் மை ஒட்டும், பள்ளத்தில் ஒட்டாது. என் நண்டுக்கு ஒரு நாள் ஆறு கால், மறுநாள் ஐந்து.

ஒரு தடவை, மாதா கோயில் வாசலில் கரும்புச்சாறு பிழிகிறவரிடம் கட்டையையும் தாளையும் கொண்டுபோய், உங்கள் மிஷினில் விட்டு எடுத்துத் தாருங்கள் என்று கெஞ்சினேன். "இன்னாம்மா இது, நண்டுல சாறு புழியச் சொல்றியா?" என்றார். ஆனாலும் நல்ல மனுஷன், சுற்றிக் கொடுத்தார். நாலு கால் விழுந்திருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் மீதி இடத்தையெல்லாம் எறும்பு மொய்த்துவிட்டது.

இதற்கிடையில் இரண்டு வரன் வந்து தட்டிப்போயிருந்தது. ஒரு வீட்டார் என் நகக்கண்ணில் இருந்த கறுப்பைப் பார்த்து ஏதோ சீக்கு என்று பயந்துவிட்டார்கள். இன்னொரு வீட்டாருக்கு நான் நீட்டிய காபி டம்ளரில் மூன்று கறுப்பு விரல் தெரிந்தது. அப்பா பொறுமையிழந்தார்.

"ஏட்டி, இதுவும் தட்டிப் போச்சுன்னா ஒன் கட்டை, கம்பி எல்லாத்தையும் தூக்கிக் கடல்ல போட்டுருவேன்."

"கூடி வந்தா?"

"போற வீட்டுல எவ இதெல்லாம் செய்ய விடுவா? அப்பமும் கடல்தான்."

ஆகவே கல்யாணம் நடந்தாலும் போச்சு, நடக்காவிட்டாலும் போச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரிலிருந்து நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கடைசியாக ஒரு தடவை அடித்துப் பார்த்துவிடலாம் என்று கூடத்தில் உட்கார்ந்து கட்டை முழுக்க மை தடவினேன். அவர்கள் முந்தின ரயிலைப் பிடித்து மூன்று மணிக்கே வந்து கதவைத் தட்டினார்கள். கட்டையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, கையைத் தேய்க்க மண்ணெண்ணெயைத் தேடிக் கொல்லைப்பக்கம் ஓடினேன். நாற்காலியும் கறுப்பு, மையும் கறுப்பு. அது யார் கண்ணிலும் படவில்லை.

காபியோடு திரும்பி வந்தால், மாப்பிள்ளையின் அம்மா அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கயிறும் வலையும் விற்கும் கடையைத் தனியாளாக நடத்துகிறவர். நல்ல கனத்த சரீரம், சந்தன நிறப் பட்டுப்புடவை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் கையை வீசிப் பேசப் பேச நாற்காலி கிறீச்சிட்டது. ஒவ்வொரு கிறீச்சுக்கும் என் உயிர் போய்ப் போய் வந்தது. அரைமணி நேரம் இடம் நகராமல் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்தார். ஒட்டிக்கொண்டிருந்த கட்டையும் கூடவே எழுந்து, தொப்பென்று கீழே விழுந்தது.

புடவையின் பின்புறத்தில் ஒரு நண்டு.

நியாயமாக நான் மயங்கி விழுந்திருக்க வேண்டும். நான் கால்களை எண்ணினேன்.

"எட்டும் விழுந்திருக்கு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கோ தன் பின்புறம் தெரியவில்லை. "என்னடே அது?" என்று மகனைக் கேட்டார். வந்ததிலிருந்து வாயே திறக்காத அந்த ஒல்லி மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

"நண்டும்மா. நல்லாத்தான் கீது."

புடவையை முன்னால் இழுத்துப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் சிவந்தது. என் அம்மா மண்ணெண்ணெய்ப் புட்டியோடு ஓடிவந்தாள். அவர் அவளைக் கையால் விலக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எட்டும் விழுந்திருக்குன்னியே பிள்ள, அது என்னது?"

பழைய தாள்களை எடுத்து வந்து காட்டினேன். அவரும் எங்கள் ஊர்க் கடற்கரையில் வளர்ந்தவராயிற்றே, விரல் வைத்து எண்ணினார். "இதுல ரெண்டு காணல. இதுல மூணு." அவ்வளவுதான், எனக்கு வெட்கம், பயம் எல்லாம் பறந்துபோயிற்று. கரண்டி கெட்டி, பள்ளத்துக்குள் இறங்காது. உங்கள் புடவை நாலு மடிப்பு, மெத்தென்று எல்லா இடத்திலும் படிந்துவிட்டது என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். "உங்க கனமும் ஒண்ணு போல விழுந்திருக்கு" என்றேன். அம்மா என் இடுப்பில் கிள்ளினாள்.

அந்த அம்மா உடம்பு குலுங்கச் சிரித்தார். "இந்த ஒடம்பால ஒரு பிரயோசனமும் இல்லன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன். தாளக் கொண்டா."

கட்டைக்கு மறுபடி மை தடவினேன். மேலே என் வெள்ளிக் கடலைக் கவிழ்த்து, அதன்மேல் போர்வையை நாலாக மடித்துப் போட்டேன். அவர் செபமாலை சொல்வதுபோல் கண்ணை மூடி உட்கார்ந்தார். "ஆடாம உக்காருங்க அத்தை" என்றேன். அத்தை என்று யாரும் சொல்லித்தராமலே வந்துவிட்டது. தாளை மெல்ல உரித்தேன். வெள்ளிக் கடலில் என் நண்டு, ஒரு கால் குறையாமல் நின்றது. எனக்குக் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறக்கலாம் போலிருந்தது.

அப்பா கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். "தப்பா எடுத்துக்கிடாதீங்க. இந்தக் கூத்தெல்லாம் இன்னையோட சரி. கல்யாணத்துக்கப்புறம் இவ இதத் தொட மாட்டா. நான் பொறுப்பு."

அத்தை என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார்.

"அப்போ நான் எதுக்கு அண்ணாச்சி ரெண்டு தடவ உக்காந்தேன்?"

நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பெண்ணுக்கு வெட்கம் வந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். வெட்கமாவது மண்ணாவது.