பி.டி. சீட்டுக்கு ஒரு மொட்டை

கொடைக்கானலில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது: 'அன்டிரெயின்டு'. பி.ஏ. முடித்துவிட்டு, பி.டி. என்ற ஆசிரியப் பயிற்சிப் பட்டம் வாங்காமல் பாடம் நடத்துகிறவர்களை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அதை மரியாதையாகத்தான் சொன்னார்கள். 'அந்த அன்டிரெயின்டு டீச்சரைக் கூப்பிடுங்க' என்று யாராவது சொன்னால் நான் எழுந்து போவேன். உள்ளுக்குள் எரியும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. பள்ளிக்கூடத்தை ஆய்வு செய்ய வந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் பின்னக் கணக்கு நடத்தியதைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்த கன்னிகாஸ்திரீயிடம், இனிமேல் பயிற்சி இல்லாதவர்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஹெட்மிஸ்ட்ரஸை நாங்கள் மதர் என்போம். மதர் என்னைக் கூப்பிட்டு ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

"நீ பி.டி. சேர்ந்துட்டா உன் இடத்தை ஒரு வருஷம் காலியா வெச்சிருப்பேன். சேரலைன்னா ஒரு மாசம்கூட வைக்க முடியாது. வெரசா அப்ளிகேஷன் போடு."

போட்டேன். மதுரைப் பக்கத்தில் ஒரு பயிற்சிக் கல்லூரிக்கு. மதரே நற்சான்று எழுதிக் கொடுத்தார். வீட்டு முகவரி கேட்ட இடத்தில் பழனி அடிவாரத்து முகவரியைக் கொடுத்தேன். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நான் குடியிருந்த வாடகை அறைக்குத் தபால்காரர் மழை விட்டால்தான் வருவார்.

பழனி அடிவாரத்தில் அப்பாவுக்குச் சந்தனக் கடை. மொட்டை போட்டுக்கொண்டு வருகிற பக்தர்களின் தலையில் பூசச் சந்தனமும், கூடவே விபூதியும் விற்பார். எங்கள் தெருவில் ஆண், பெண், கைக்குழந்தை என்று எல்லா மொட்டையும் நாள் முழுக்க நடந்து போகும். மொட்டைத் தலை வேறு ஊரில் ஒரு செய்தி. எங்கள் ஊரில் அது ஒரு தலை, அவ்வளவுதான். இதை நான் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் அம்மாவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடுவீர்கள்.

மே மாதம் பள்ளிக்கூடத்துக்கு வீட்டிலிருந்து ஒரு தந்தி வந்தது. மலைப் பள்ளிக்கூடம் என்பதால் எங்களுக்கு அப்போதும் வகுப்பு உண்டு. தந்தி என்றதும் மதர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டுதான் என்னிடம் நீட்டினார். 'காலேஜில் கூப்பிட்டிருக்கிறார்கள், உடனே வரவும்' என்பதுதான் செய்தி. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வத்தலக்குண்டுக்கு இறங்கி, திண்டுக்கல் போய், பழனி பஸ் பிடித்து வீடு போய்ச் சேரும்வரை, இனி ஒருவரும் என்னை அன்டிரெயின்டு என்று சொல்ல முடியாது என்பதே மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

வந்திருந்தது நேர்முகத் தேர்வுக்கான கார்டு. இன்ன தேதியில் சான்றிதழ்களோடு வந்து பார்க்கவும் என்று இருந்தது. சீட் கிடைத்ததாக அதில் ஒரு வார்த்தை இல்லை. ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு, "இது இன்டர்வியூதாம்மா. இனிமேதான் பொறுக்கி எடுப்பாங்க" என்றேன்.

அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. "காலையில வெள்ளனே எந்திரி. முடி எறக்கணும்" என்றாள்.

"யாருக்கு?"

"உனக்குத்தான். வேண்டிக்கிட்டேன்ல."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நான் அப்ளிகேஷன் போட்ட அன்றே அம்மா மலையேறிப் போய், 'முருகா, எம்மகளை அந்தக் காலேஜுல கூப்புட்டாகன்னா அவ முடியைக் குடுத்துர்றேன்' என்று வேண்டியிருக்கிறாள். அவள் மனசில் நினைத்தது சீட்டைத்தான். ஆனால் வாயில் வந்த வார்த்தை 'கூப்புட்டாகன்னா' என்பது. கல்லூரியும் கூப்பிட்டுவிட்டது.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்கள். என் அம்மா மொட்டைத் தலைக்கும் பி.டி. சீட்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

நான் கத்தினேன். இன்டர்வியூவுக்கு மொட்டைத் தலையோடு போனால் என்ன நினைப்பார்கள் என்றேன். அப்பா எனக்காகப் பேசினார். "ஏத்தா, சீட்டு கெடச்ச பெறகு எறக்குனா ஆகாதா? முருகன் என்ன பஸ்ஸா, நேரத்துக்குப் போகாட்டி விட்டுட்டுப் போறதுக்கு?"

"கூப்புட்டாகன்னான்னு சொன்னேன், கூப்புட்டாச்சு. வாக்கு வாக்குதான். அப்பறம் அவன் கோவிச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது? நீங்க சொல்லுவீகளா?" என்றாள் அம்மா. அப்பா கல்லாப் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

நான் மறுத்திருக்கலாம். சம்பாதிக்கிற பெண், பி.ஏ. படித்தவள். மறுக்காததற்குக் காரணம் பக்தி இல்லை, பயம். முடி கொடுக்காமல் போய் சீட் கிடைக்கவில்லை என்றால், அந்த முடிதான் காரணம் என்று அம்மா ஆயுளுக்கும் சொல்வாள். அவள் சொல்லாவிட்டாலும் நானே சொல்லிக்கொள்வேன். பி.ஏ. படித்தவள் பயப்படக் கூடாது என்று எந்தப் பாடத்திலும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் காலை முடிக்கொட்டகையில் உட்கார்ந்தேன். நாவிதர் என் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பூமுடிதானேம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார். பூமுடி என்றால் பெண்கள் நுனியில் கொஞ்சம் மட்டும் கத்தரித்துக் கொடுப்பது. சாமிக்கும் கணக்கு முடியும், தலையும் தப்பும். எனக்கு உயிர் வந்தது. "ஆமாங்க, பூமுடிதான்" என்று நான் முந்திக்கொண்டேன்.

அம்மா என் பின்னலைப் பார்த்தாள். அவளுக்கும் ஆசை இருந்திருக்கும். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாள். "முடின்னுதான் சொன்னேன். பூன்னு சொல்லலையே."

தண்ணீர் தெளித்துத் தலையைத் தேய்த்தார்கள். பின்னல் மடியில் விழுந்தபோது நான் அழவில்லை. கோபம் அழ விடவில்லை. கடைக்குத் திரும்பியதும் அப்பா, விற்பனைக்கு எடுத்துக் காட்டாத உயர்ந்த சந்தனத்தைக் குழைத்து அவர் கையாலேயே என் தலையில் பூசினார். தெருவில் யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொடைக்கானலில் எல்லோரும் பார்த்தார்கள். மே மாதம்தான், ஆனால் மொட்டைத் தலைக்கு அங்கே கோடை கிடையாது. கம்பளி மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குள் போனேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி, வீட்டில் யாராவது இறந்துபோனார்களா டீச்சர் என்று கேட்டாள். மதர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் முக்காட்டைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "எனக்கும் முடி இல்லைதான். நான் மூடி வெச்சிருக்கேன். வேற வித்தியாசம் ஒண்ணும் இல்லை." அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

நேர்முகத் தேர்வு அன்று மஃப்ளரைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன். மறைத்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. முதல்வரும் இரண்டு விரிவுரையாளர்களும் இருந்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில்தான். முதல்வர் என் தலையையும் விண்ணப்பத்தில் 'செல்வி' என்றிருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டைபாய்டு வந்ததா?"

"இல்லை சார். வேண்டுதல்."

"எதற்காக?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இந்தக் கல்லூரியில் என்னைக் கூப்பிட வேண்டும் என்று என் அம்மா வேண்டிக்கொண்டார்."

மூவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. "அப்படியானால் மேலிடத்துச் சிபாரிசோடு வந்திருக்கிறீர்கள். எங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்றார் முதல்வர். பக்கத்தில் இருந்த அம்மையார் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் வகுப்புக்கு ஒரு குழந்தை மொட்டை போட்டுக்கொண்டு வருகிறது. மற்ற குழந்தைகள் சிரிக்கிறார்கள். ஆசிரியராக நீங்கள் என்ன செய்வீர்கள்?"

புத்தகத்தில் இதற்குப் பதில் இருந்திருக்கும். அந்தப் புத்தகத்தைப் படிக்கத்தானே நான் வந்திருந்தேன். "சிரித்து முடிக்கும்வரை விடுவேன். அப்புறம் கணக்கு போடச் சொல்வேன். என் வகுப்பில் அப்படித்தான் செய்தேன்" என்றேன். என் குரலில் சூடு ஏறியது எனக்கே கேட்டது. அந்த அம்மையார் ஏதோ குறித்துக்கொண்டார். அது எனக்கு நல்லதா கெட்டதா என்று இன்றுவரை தெரியாது.

ஜூனில் பதில் வந்தது. வருந்துகிறோம் என்று. மொட்டையா, என் திமிரான பதிலா, என் மதிப்பெண்ணா, வந்தவர்களில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருந்தார்களா, எதுவும் அதில் இல்லை. மதரால் தான் சொன்ன சொல்லை மாற்ற முடியவில்லை. அவருக்கும் வருத்தம்தான். டிரங்குப் பெட்டியோடு மலையிறங்கினேன். பண்ணைக்காடு தாண்டி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, அம்மாவிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வார்த்தை கூடியது. உன் முருகன் எங்கே போனான் என்பதுதான் அதில் மிகச் சின்னது.

வாசலில் பெட்டியை வைத்து, "எடுத்துக்கலையாம்" என்று மட்டும் சொன்னேன். அப்பா, சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா என்று முணுமுணுத்தார். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் மேல தப்பில்ல தாயி. கூப்புடணும்னுதான் கேட்டேன். சேத்துக்கிடணும்னு கேக்கலையே. கேட்டதக் குடுத்துட்டான். எனக்குத்தான் கேக்கத் தெரியல. உன் முடியையும் குடுத்து, வேலையையும் போக்கிட்டேனே."

மலையிலிருந்து சுமந்து வந்த அத்தனை வார்த்தையும் வீணாய்ப் போனது. திட்டலாம் என்று வந்த எனக்கு முன்னால், திட்ட வேண்டியதை எல்லாம் அம்மாவே சொல்லிவிட்டாள்.

கொஞ்சம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூப்புட்ட பெறகு என்ன வரும்? அதுக்கு என்ன பேரு?" என்று கேட்டாள்.

"அட்மிஷன்."

"அட்மிசன்" என்றாள். இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த வருஷம் அடிவாரத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் கழித்தேன். மறுபடி விண்ணப்பம் போட்டேன். மறுபடி கூப்பிட்டார்கள். அம்மா அசையவில்லை. "கூப்புடத்தானே செஞ்சிருக்காக. கெடக்கட்டும்" என்றாள். இந்த முறை காதுவரை வளர்ந்திருந்த முடியோடு போனேன். சீட் கிடைத்தது. அதற்கும் அவள் அசையவில்லை. நான் பணம் கட்டி, விடுதியில் சேர்ந்து, வகுப்பில் உட்கார்ந்துவிட்டேன் என்று அப்பா வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொன்ன பிறகுதான் எழுந்து குளித்திருக்கிறாள்.

முதல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா கடையில் உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய அவள் முடி இல்லை. சந்தனம் பூசிய சின்னத் தலை. வேண்டிக்கொண்டதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பெற்ற அம்மாவை ஒரு கணம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. என் மொட்டைக்கு அழாத நான் அந்தக் கடைவாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, நின்று அழுதேன்.

"எதுக்கு அழுவுற?" என்றாள் அம்மா. "இந்தத் தடவ வார்த்தைய சரியாத்தான் சொன்னேன்."