சாய்கிற சீட்டும் சூடான காபியும்

பம்பாய் தாதரில் ரயில் ஏறினால், மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளாக இடம் கேட்க மாட்டுங்காவாசிகளான எங்களுக்குக் கூச்சமே கிடையாது. "தோடா சர்க்கோ" என்றால் போதும், நகர்ந்து கொடுப்பார்கள். போன மாதம் முதன்முதலாக விமானத்தில் மதராஸ் போனபோது அந்த வாய் எங்கே போயிற்றோ!

மடியில் கைக்குழந்தை. முன் சீட்டுக்காரர் சீட்டைச் சாய்த்ததும் என் முழங்கால் நசுங்கியது. ஏதாவது சொன்னால் பட்டிக்காடு என்று நினைப்பார்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் பணிப்பெண் சூடான காபி கொடுத்தாள். நான் வாங்கவும் அவர் இன்னும் சாயவும் சரியாக இருந்தது. சீட்டு கையில் இடித்து, அவ்வளவு காபியும் குழந்தையின் காலை ஒட்டி மடித்து வைத்திருந்த கம்பளியில் கொட்டியது.

"ஐயோ குழந்தை! அரே பாய்சாப், தோடா ஆகே சர்க்கோ!" என்று, முன்னால் நகரச் சொல்லி இந்தியில் கத்திவிட்டேன்.

அவர் பதறி எழுந்தார். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையேம்மா?" என்று தமிழில் கேட்டார். "நானும் இப்பத்தான் முதல் தடவையா வர்றேன். பட்டனை அமுக்குனா சாயும்னாங்க, பின்னால இடிக்கும்னு தோணவே இல்ல. நீங்க முதல்லயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அதன் பிறகு மதராஸ் வரை அவர் சாயவே இல்லை.

இடித்தால் உடனே சொல்லிவிடுவது, கேட்காமல் சாய்வதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். திரும்பி வரும்போது பின் சீட்டு வாலிபரிடம், "கொஞ்சம் சாஞ்சுக்கட்டுமா?" என்றேன்.

"எனக்குக் கால் நீளம், வேண்டாமேக்கா" என்றார்.

பம்பாய் வரை நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தேன். இறங்கும்போது என் பைகளை அவர்தான் தூக்கி வந்தார்.