ஐஸ் ஹாக்கி பந்தயமும் தெரியாத குரலும்

எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவன் நான். வளைகுடாவில், சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப் ரூமில் இங்கிலீஷ் எதுவானாலும் எல்லோரும் என்னிடம்தான் போனை நீட்டுவார்கள். அந்தத் தெம்பில் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் பணம் கட்டும் பந்தய ஆப் ஒன்றை என் போனில் இறக்கினேன். ஆட்ட விதிகூடத் தெரியாது. இரண்டு முறை ஜெயித்ததும் எல்லாம் தெரிந்த மாதிரி ஆகிவிட்டது.

ஒரு லீவு நாள் காலை, ஊருக்குப் போக வைத்திருந்த டிக்கெட் காசை ரூம்மேட் செல்வம் அண்ணன் நீட்டினார்.

"நீ படிச்சவன்டா. நீலச் சட்டை டீம் மேல போடு. பொறந்த புள்ளைக்கு வளையலோட போறேன்."

"வேணாம்ண்ணே."

உடனே என் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஸ்பீக்கரில் போட்டேன். பொறுமையான தமிழ்க் குரல்.

"செல்வம் அண்ணன் ஆசைப்படுறாருல்ல தம்பி? போட்டுவிடுங்க."

அண்ணன் ஒரு கையால் தன் வாயைப் பொத்தி, மறு கையால் காசைப் பைக்குள் திணித்தார்.

நாங்கள் பேசியது அந்தக் குரலுக்கு எப்படித் தெரிந்தது என்று பந்தய ஆப்பின் செட்டிங்கைப் பார்த்தேன். எங்கள் பேச்சைக் கேட்க அந்த ஆப்புக்கு நானே அனுமதி கொடுத்திருந்தேன், வாசிக்காமலே. உடனே ஆப்பை அழித்தேன்.

இப்போது யார் போனை நீட்டினாலும், ஆப் என்னென்ன அனுமதி கேட்கிறது என்று தமிழில் சொல்லி, அவர் சரி என்ற பிறகே தொடுகிறேன். செல்வம் அண்ணன் மட்டும் என் போன் பக்கத்தில் இருந்தால் இன்னமும் சைகையில்தான் பேசுகிறார்.