எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடியவள்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்தப் பெருமையோடுதான் தாம்பரத்தில் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் ஞாயிறுதோறும் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தேன். இல்லத்துக்கு ஒருநாள் சாப்பாடு போடும் வசதியானவர்கள் தங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளை அங்கே கொண்டாடுவார்கள். எங்கள் இல்லத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று ஆங்கிலத்தில் வாழ்த்துப் பாடுவார்கள். பாட்டைப் பழக்கியது நான்.

அப்படி ஒரு பிறந்தநாள் இருந்த ஞாயிறு காலை, இல்லத்துப் பிள்ளைகளில் ஒருத்தியான செல்வியின் அம்மா அனகாபுத்தூரில் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

"கேக் வெட்டினதும் கூட்டிட்டுப் போம்மா. புள்ளைங்க குறைஞ்சா வர்றவங்களுக்கு நல்லாயிருக்காது," என்றார் பொறுப்பாளர். வர வேண்டியவர்கள் தாமதமாகத்தான் வந்தார்கள்.

செல்வி என் கையைப் பிடித்தாள். "நல்லா பாடுனா சீக்கிரம் வுட்ருவாங்களாக்கா?"

அவள் முன்வரிசையில் நின்று, எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினாள். "எவ்ளோ அழகா பாடுது இந்தப் பொண்ணு," என்று வந்திருந்த அம்மாள் அவளுக்குக் கேக் ஊட்டினார்.

ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது தெருவில் பூ மட்டும் சிதறிக் கிடந்தது. "இப்பதான் எடுத்துகினு போனாங்க. பொட்டப்புள்ள சுடுகாட்டுக்குப் போவக்கூடாது," என்று பக்கத்து வீட்டுப் பெண் செல்வியைப் பிடித்து நிறுத்தினாள்.

அடுத்த ஞாயிறும் ஒரு பிறந்தநாள். இனி அந்தப் பாட்டைச் சொல்லித் தர மாட்டேன் என்றேன். "வேணாம்மா, அதான் எல்லாருக்கும் மனப்பாடமாயிடுச்சே," என்றார் பொறுப்பாளர்.

நான் கொடுத்த படிப்பில் அவர்களிடம் நிலைத்தது அதுதான். செல்வி அன்றும் முன்வரிசையில் நின்றாள்.