பாய்லர் ஃபோல்டர்

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். பொம்மசந்திராவில் நான் முதன்முதலாக வேலை பார்த்த ஃபேக்டரியில் அவர்தான் அக்கவுண்ட்ஸ். கணவர் அந்தோணி அண்ணன் தவறிப்போய்ச் சில மாதங்கள்தான் ஆகின்றன. ஆறுதலாக என்ன சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, அவர் கேட்டார்:

“தம்பி, அந்த பாய்லர் ஃபோல்டர் எங்கயாவது இருக்குமா?”

உங்களுக்கு ஒன்றும் விளங்காது, சொல்கிறேன்.

அப்போது ஆபீஸ் முழுவதற்கும் ஒரே ஈமெயில் முகவரி, ஒரே கம்ப்யூட்டர். காலையில் மோடம் கீச்சிட்டு முடிப்பதற்குள் கேன்டீன் காபி ஆறிவிடும். வந்த மெயில்களை பர்சேஸ், டிஸ்பேட்ச் என்று ஃபோல்டர் ஃபோல்டராக இழுத்துப் போடுவது என் வேலை. ஏதோ ராக்கெட் விடுகிறவன் மாதிரி எனக்குள் ஒரு மிதப்பு. மஸ்கட்டில் வேலையிலிருந்த அந்தோணி அண்ணனின் மெயிலும் அதே முகவரிக்குத்தான் வரும். ரிச்சர்ட்ஸ் டவுனில் அக்கா வீட்டில் அன்று கம்ப்யூட்டர் ஏது?

படித்ததும் அக்கா அவற்றை அழித்துவிடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் மேனேஜர், மெஷின் மெதுவாகிவிட்டது, புரோகிராமை மூடும்போதெல்லாம் குப்பை தானாகக் காலியாகிற மாதிரி செட்டிங்கை மாற்று என்றார். நான் டிக் அடிக்கப் போக, அக்கா ஓடிவந்து மவுஸைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ, அதுல கைவெக்காதப்பா! அவரு மெயிலெல்லாம் அங்கதான் இருக்கு.”

“டெலீட்டட் ஐட்டம்ஸ்லயா?”

“மத்ததெல்லாம் ஆளாளுக்குத் தொறக்கறாங்க. குப்பையப் போய் யாருப்பா கிளறிப் பாப்பாங்க?”

அதுவும் நியாயம்தான். ‘பாய்லர் மெயின்டனன்ஸ்’ என்று புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து, எல்லாவற்றையும் அங்கே மாற்றினேன். அண்ணனின் மெயில் வந்தால் நேராக அதில் போய் விழுவதற்கு ஒரு ரூலும் போட்டுவிட்டேன். எங்கள் ஃபேக்டரியில் பாய்லரே கிடையாது என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

மேனேஜருக்கு எட்டியது. மைசூர்க்காரர், கன்னடம் கலந்துதான் தமிழ் பேசுவார். ஒருநாள் அந்த ஃபோல்டரைத் திறந்தார், மூடினார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“இந்த பாய்லரை யாரும் தொட பேடா, தொடக்கூடாது, தெரியுதா? வெடிச்சிடும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பிறகு அண்ணன் ஊர் திரும்பிவிட்டார். மெயில்களை ஃப்ளாப்பியில் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். “ஆளே வந்தாச்சு, அதெதுக்கு?” என்று அக்கா சிரித்தார். ஃபேக்டரி மூடி, கம்ப்யூட்டர்களெல்லாம் பழைய சாமான்காரரிடம் போய், அந்த இடத்தில் இப்போது அபார்ட்மென்ட் நிற்கிறது.

“இருக்காதுக்கா” என்றேன். வெறுங்கையோடு அவரை அனுப்ப மனம் வரவில்லை. மெயிலுக்குள்ளே நான் ஒன்றும் படித்ததில்லை, சப்ஜெக்ட் மட்டும் கண்ணில் படும், எல்லாவற்றிலும் ஒரே வார்த்தைதான் என்று சொன்னேன். இங்கிலீஷ் எழுத்தில், ‘சாப்டியா?’



“வீட்டுக்கு வந்தப்புறமும் தெனம் அதையேதாம்ப்பா கேப்பாரு. எரிச்சலா வரும். இப்ப மணி மூணாவுது, இன்னும் சாப்புடல. கேக்க ஆளில்ல.”